பதினான்கு வளைவு, ஒரு ஊக்கு

உங்களுக்குப் பின்னால் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனால் அதுவும் வரும், நீங்கள் வளைந்தால் அதுவும் வளையும், ஆனால் நீங்கள் நின்றால் அது நிற்குமா என்று மட்டும் தெரியாது, அப்போது நீங்கள் அதை இழுத்துக்கொண்டு போகிறீர்களா, அது உங்களை ஓட்டிக்கொண்டு வருகிறதா? நவமணிக்கு இந்தக் கேள்வி பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் வந்தது. வந்தவுடன் சிரிப்புத்தான் வந்தது, கல்யாணத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாமே என்று. மணி மதியம் மூன்றுதான். ஆனால் ஆடி மாதத்து மேகம் மலைமேலிருந்து அவளோடு சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தது, ரோட்டில் முன்னால் இருபதடி தெரிந்தது, அதற்கப்புறம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளை. மலையூர்த் திருவிழா காலையோடு முடிந்துவிட்டது. கீழே சமவெளியில் நாளைக்கு வேறொரு ஊர்த் திருவிழா. நடுவில் இந்தப் பதினான்கு வளைவு, எண்ணிக்கை கீழிருந்து. அவள் ஓட்டுவது பழைய கார், அதன் பின்னால் இரட்டைச் சக்கர டிரெய்லர், டிரெய்லரில் அவர்களுடைய பிழைப்பு மொத்தமும்: கழற்றி அடுக்கிய குடை ராட்டினம், கம்பிகள், மோட்டார்ப் பெட்டி, குழந்தைகளைக் கூப்பிட அவள் அமுக்குகிற ரப்பர் பந்து ஆரன், அப்புறம் ஆறு பைபர் குதிரைகள். ஐந்து குதிரைகள் தார்ப்பாயின் கீழ் படுத்துக்கொண்டன. வெள்ளைக் குதிரையின் கழுத்து நீளம், எப்படிப் படுக்க வைத்தாலும் அடங்காது, தார்ப்பாய்க்கு மேலே தலையை நீட்டி முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே மாட்டியிருக்கிற கண்ணாடியில் நவமணி நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ரோடு தெரியாது, அந்த முகம்தான் தெரியும். இவள் வண்டியை அதுதான் ஓட்டுகிற மாதிரி.

பெயிண்ட் அடித்த கண், இவளே போன வருஷம் கருப்பு தீட்டியது, ஒரு கண் கொஞ்சம் பெரிசாகிவிட்டது, கூட்டத்தில் நிற்கும்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது, இங்கே மேகத்துக்குள் அந்தப் பெரிய கண் மட்டும் முதலில் தெரிகிறது, பிறகு மூக்கு, பிறகு சிவப்பு வாய். அது தலையாட்டியது. ரோட்டின் ஒவ்வொரு குண்டுக்கும் குழிக்கும் ஆமாம், ஆமாம், ஆமாம் என்று. "அம்மா, வெள்ளைக்குதிரை தோடு போட்டிருக்குது" என்றாள் மிதுனா, பின்சீட்டில் பெல்ட்டுக்குள் இருந்துகொண்டு கழுத்தைத் திருப்பி. நாலு வயசு. "போட்டுக்கட்டும் கண்ணு, நாளைக்குக் கொலுசும் வாங்கிப் போடலாம்." "அது எதுக்குமா தலையாட்டுது?" "நீ நல்ல புள்ளைன்னு சொல்லுது." மிதுனா யோசித்தாள். "இல்ல. உன்னையக் கேக்குது." என்ன கேக்குது என்று நவமணி கேட்கவில்லை, ஏனென்றால் வளைவு வந்துவிட்டது, வளைவில் பேசக் கூடாது, காரின் மூக்கை எதிர்ப்பக்க ஓரம்வரை கொண்டுபோய் அகலமாகத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் டிரெய்லரின் உள்சக்கரம் ஓரக்கல்லில் ஏறும். அப்பா தோட்டத்தில் டிராக்டர் பெட்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழகினவள் அவள், ஊரில் பையன்கள் பந்தயம் கட்டி வேடிக்கை பார்ப்பார்கள். திருப்பினாள். பின்னால் பாம் பாம் என்று இரண்டு ஆரன். அது மோகனசுந்தரம், அவள் வீட்டுக்காரர், பைக்கில் டிரெய்லருக்குப் பின்னால் வருகிறவர். இரண்டு வண்டி, ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதனால் இந்த ஏற்பாடு. டிரெய்லர் மறைப்பதால் அவரை எந்தக் கண்ணாடியிலும் பார்க்க முடியாது, அதற்காக ஒரு பேச்சு: ஒவ்வொரு வளைவு தாண்டினதும் அவர் இரண்டு தடவை அடிப்பார். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நீ போ என்று அர்த்தம். அவருடைய பைக் ஆரன் சளி பிடித்த தொண்டைபோல் இருக்கும், மேகத்தில் இன்னும் கம்மிப்போய்க் கேட்டது.

கொண்டை ஊசி வளைவு பதினொன்று, மஞ்சள் பலகை. கொண்டை ஊசி. எவ்வளவு பெரிய கொண்டை, எவ்வளவு பெரிய ஊசி, இந்த மலைக்குத் தலைசீவி ஊசி குத்தியது யாரோ, ஊசி என்றதும் அவள் கை தானாகத் தாலிக்கொடிக்குப் போனது, அங்கே இரண்டு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தன, மூன்று இருந்ததே, ஒன்று எங்கே, ஓ, அது மிதுனாவின் ஸ்வெட்டரில், கிளம்பும்போது பட்டன் அறுந்துபோய்க் குத்திவிட்டோமே. கிளம்பும்போது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் டிரெய்லரின் வால்பக்கம் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டுக் கேட்டார், "நவமணி, ஊக்கு மாட்டியாச்சா?" இவள் கார்க் கதவுக்குள் தலையை விட்டு, குழந்தை ஆடாதே ஆடாதே என்று ஸ்வெட்டரைக் கூட்டிப் பிடித்து, குத்தி முடித்து, "மாட்டியாச்சுங்கோ!" என்றாள். உடனே அவர் பைக்கை உதைத்தார். கிளம்பியாச்சு. இதில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. ஊக்கு மாட்டியாச்சா, மாட்டியாச்சு. ஆனால் குழந்தை ஸ்வெட்டருக்கு ஊக்கு மாட்டினோமா என்று எந்த ஆம்பிளை மழையில் நின்று சத்தம்போட்டுக் கேட்பான்? அவருக்கு ஊக்கு என்றால் வேறு. காரின் பின்னால் பற்றவைத்த இரும்புத் தாடையில் ஒரு ஓட்டை, டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கிற ஏர்க்கால் நுனியில் ஒரு ஓட்டை, இரண்டையும் சேர்த்து மேலிருந்து இறக்குவது கடையாணி, கட்டைவிரல் தடிமன். அந்தக் கடையாணி குலுங்கிக் குலுங்கி மேலே ஏறி வராமல் அதன் அடிநுனியில் குத்துவது ஒரு வளைந்த கம்பி. லேத்துப் பட்டறை இஸ்மாயில் பாய் செய்து கொடுத்தபோது சொன்னார், "தங்கச்சி, இது உன் சேலை ஊக்கு மாதிரித்தான், ஆனா இதை மறந்தா மானம் போவாது, உசுரு போவும்." பாய் பட்டறையில் அதற்கு ஊக்கு என்று பெயர். அன்றிலிருந்து அவருக்கும் அதற்கு ஊக்கு என்று பெயர். இவள் மட்டும் அதைக் கம்பி என்பாள். கம்பி மாட்டியாச்சா என்று கேட்டிருந்தால் இவள் திரும்பிப் பார்த்திருப்பாள். ஒரே ஒரு வார்த்தை, இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஏழு வருஷமாகப் புழங்குகிற வார்த்தை.

மாட்டியிருப்போம். கடையாணியை இறக்கினது அவள்தான், அது நிச்சயம், இரும்பு இரும்பில் இறங்குகிற அந்தச் சத்தம் கையில் இன்னும் இருக்கிறது. அதற்கு முன் கம்பியை இடது கையில் வைத்திருந்தாள், ஜில்லென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு. அப்புறம் இடது கையில் கம்பி இல்லை. இடையில் என்ன? பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுள் நடுவில் ஒரு வரி மட்டும் காணாமல் போகுமே அதுபோல, முன்வரி இருக்கிறது, பின்வரி இருக்கிறது. முழங்காலை ஊன்றிக் குனிந்தோமா? குனிந்திருந்தால் முழங்காலில் சேறு இருக்கும். குனிந்து பார்த்தாள், ஒரு நொடிதான், ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து. சுடிதாரின் முழங்கால் சுத்தமாக இருந்தது. கலகல என்று சங்கிலிச் சத்தம் கேட்டது. அப்பாடா, சங்கிலி இருக்கிறது, கடையாணியே கழன்றாலும் குறுக்காகப் போட்ட சங்கிலி இரண்டும் ஏர்க்காலைத் தரையில் குத்தவிடாமல் தாங்கிக்கொள்ளும், பாய் அதற்காகத்தானே போடச் சொன்னார், எவ்வளவு நிம்மதியான சத்தம். மறுபடியும் கலகல. வெளியிலிருந்து வரவில்லை. காருக்குள்ளிருந்து, பின்சீட்டின் அடியிலிருந்து வருகிறது. திருவிழாவில் ஜெனரேட்டரை மரத்தோடு பூட்டுவதற்குக் கழற்றினது, காலையில் சாக்கில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டது. ஆக, சங்கிலியும் இல்லை. சரி. பதறாதே. வாய்விட்டுச் சொன்னாள், "பதறாதே நவமணி, சோறு பொங்கி வழிஞ்சா அடுப்பைக் குறைப்பியா, குய்யோன்னு கத்துவியா?" "என்னம்மா?" "ஒண்ணுமில்ல கண்ணு, அம்மா சும்மா பாட்டுப் பாடறேன்."

நிறுத்திவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும், அவளுக்கும் தோன்றியது. எங்கே நிறுத்துவது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் வெள்ளை. வனத்துறைப் பலகை வேறு: யானைகள் கடக்கும் பகுதி, வாகனங்களை நிறுத்தாதீர். நின்றால் பின்னால் வருவது நிற்குமா? எட்டாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் டம்ளர்மேல் அட்டை வைத்து, அட்டைமேல் நாணயம் வைத்து, சுண்டிக் காட்டினார். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்க விரும்பும் என்றார். விரும்பும் என்றா சொன்னார்? அன்றைக்கே அவளுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது, பொருளுக்கு எப்படி சார் விருப்பம் இருக்கும் என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. இப்போது விருப்பத்தோடு ஒன்று பின்னால் வருகிறது. பிரேக்கை அழுத்தினால் டக் என்று முட்டுகிறது, விட்டால் சற்றுப் பின்வாங்குகிறது, மறுபடி டக். கடையாணி ஓட்டைக்குள் ஆடுகிறது. ஒவ்வொரு டக்குக்கும் அது எவ்வளவு மேலே ஏறும், ஒரு நெல் அளவா, ஒரு உளுந்து அளவா? இறக்கத்தில் கழன்றால் ஏர்க்கால் காரின் முதுகில் குத்தும், மிதுனா உட்கார்ந்திருக்கும் இடத்தில். இந்த ரோட்டில் ஆறாம் வளைவுக்கும் ஐந்தாம் வளைவுக்கும் நடுவில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு, போகும்போது இறக்கமாக இருந்ததே; அங்கே கழன்றால் அது முன்னால் வராது. பின்னால் உருளும். பின்னால் அவர் இருக்கிறார். இரண்டாவது கியரில் போட்டாள், என்ஜினே முனகிக்கொண்டு இழுத்துப் பிடிக்கட்டும், பிரேக்கைத் தொடாதே, தொட்டால் பூப்போலத் தொடு. நாலாம் வளைவில் ரோட்டு வேலைக்காரர்கள் தார் டிரம் அடுக்குகிற சமதளம் இருக்கிறது. அதுவரை. டக். அதுவரை.

ஒன்பது. ஆரன் வரவில்லை. மேகத்தில் கேட்டிருக்காது. எட்டு. பிரேக்கைப் பூப்போலத் தொட்டாள், உடனே பாம் என்று ஒன்று, நீளமாக, கம்மிப்போய். இருக்கிறார். சந்தோஷத்தில் இவளும் ஒரு ஆரன் அடித்தாள். பதில் இல்லை. மறுபடி பிரேக்கைத் தொட்டாள், பாம். அவள் அடித்தால் பதில் இல்லை, பிரேக்கைத் தொட்டால் மட்டும் பதில் வருகிறது. சிவப்பு விளக்கைப் பார்த்து அடிக்கிறாராக்கும். ஆனால் டிரெய்லரின் பின்விளக்கு இரண்டு மாதமாக எரிவதில்லையே, நாளைக்கு மாற்றுகிறேன் நாளைக்கு மாற்றுகிறேன் என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை யோசிக்காமல் இருந்திருக்கலாம். போனை எடுத்தால் சிக்னல் இருக்காது, எடுக்கவும் கூடாது. கண்ணாடியில் அந்தக் கண். இப்போது நெருங்கி வந்திருக்கிறதா, மேகத்தில் அப்படித் தெரிகிறதா? முன்பு மூக்குவரை தெரிந்தது, இப்போது மூக்குத்துளைக்குள் இருக்கும் சிவப்பும் தெரிகிறது. காதோரம் ஏதோ மினுங்கியது, அணைந்தது. "அம்மா, இப்ப அது வேண்டாங்குது" என்றாள் மிதுனா. "எது?" "குதிரை." பார்த்தாள். தலை மேலும் கீழும் ஆடவில்லை. இடமும் வலமுமாக ஆடியது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஸ்டீயரிங்கில் காரின் வால் சிணுங்குவது தெரிந்தது, நாய் வாலாட்டினால் இடுப்பும் சேர்ந்து ஆடுமே அப்படி. மழையில் அவசரமாக ஏற்றினோம், மோட்டார்ப் பெட்டியைக் கடைசியில், வால்பக்கம் வைத்துவிட்டோம். கனம் எப்போதும் முன்பாதியில் இருக்க வேண்டும், பின்னால் கனத்தால் டிரெய்லர் கூத்தாடும். தெரியும், தெரிந்தே செய்தோம், மழை வந்ததே. கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது. போகாதே. ஆடும்போது பிரேக் போட்டால் மடங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கை வெட்டாதே, நேராகப் பிடி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, சும்மா இரு. சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை, பிள்ளை பெறும்போதுகூட நர்சம்மா அதையேதான் சொன்னாள், இப்ப முக்காதே, சும்மா இரு, சும்மா இரு. வேண்டாம்... வேண்டாம்... ஆமாம். தலை மறுபடி மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. நவமணி மூச்சை விட்டாள். அந்தப் பெரிய கண்ணைப் பார்த்து, வெட்கமில்லாமல், "சரிங்க" என்றாள்.

ஏற்றம். இருநூறு அடிகூட இருக்காது. இழுத்தாள், கயிறு இழுப்பதுபோல் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, கார் அவள் நெஞ்சினால்தான் நகர்கிறது என்கிறமாதிரி. அவர் இந்நேரம் எவ்வளவு பின்னால்? நெருக்கமாக வராதீங்க என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னதில்லை. நெருக்கமாக வாங்க, ஆரன் கேக்கற தூரத்துல வாங்க என்றுதான் சொன்னோம். வாயால் சொன்னது எல்லாம் இன்றைக்குத் தப்பாகவே முடிகிறது. டக் இல்லை. இப்போது இழுவை, சத்தமே இல்லாத இழுவை, அதுதான் பயமாக இருந்தது, கடையாணி இருக்கிறதா என்று சொல்வதற்கு ஒரு சத்தம்கூட இல்லை. கண்ணாடியில் குதிரை மெல்ல மெல்ல மேகத்துக்குள் பின்வாங்கியது, மூக்கு போய்விட்டது, வாய் போய்விட்டது, கண் மட்டும், போகாதே, எவ்வளவு நேரம் வராதே என்று பயந்தாளோ அவ்வளவும் இப்போது போகாதே போகாதே என்று மாறிவிட்டது. மேகம் விலகியது. முகம் அங்கேயேதான் இருந்தது. ஏற்றம் முடிந்தது. டக். அந்தச் சத்தத்துக்கு அவள் முத்தம் கொடுத்திருப்பாள்.

நாலாம் வளைவு. தார் டிரம்கள் மனிதர்கள்போல் வரிசையாக நின்றன. முதல் கியர், அப்புறம் தானாகவே நிற்கவிட்டாள், கைப்பிரேக், என்ஜினை அணைத்துக் கியரில் விட்டாள். "மிதுனா, எறங்கக் கூடாது, பெல்ட்டைக் கழட்டக் கூடாது." முதலில் கல். டிரெய்லர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் அந்த இடத்தைப் பார்க்கத் தன்னை அனுமதித்தாள். கடையாணியின் தலை நாலு விரல் உயர்ந்து நின்றது. அடித்தாடையை விட்டுவிட்டு வெகு நேரமாயிருக்க வேண்டும், ஏர்க்கால் ஓட்டையைச் சுண்டுவிரல் நகமளவு பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், இன்னும் ஒரு குழி. நுனியில் ஊக்கு குத்துகிற துளை காலியாக இருந்தது, அதன் வழியாக அந்தப் பக்கத்து வெள்ளை தெரிந்தது. கல்லால் தட்டி இறக்கினாள். தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அந்தத் துளையில் மாட்டினாள். யானைக்குப் பூனைக்கயிறு கட்டினமாதிரி இருந்தது, நிற்கிற வண்டிக்குப் போதும், ஓடுகிற வண்டிக்கு ஆகாது, கை ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து சங்கிலியை எடுத்துக் குறுக்காகப் போட்டாள். எழுந்து வால்பக்கம் போனாள், ரோட்டைப் பார்த்து, "ஏனுங்க!" என்றாள். மேகம் அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டது. டிரெய்லர்மேல் கையை ஊன்றினாள். பாம். நேராக அவள் காதுக்குள். தார்ப்பாயை விலக்கினாள், மோட்டார்ப் பெட்டி கயிறு தளர்ந்து முன்னால் நகர்ந்து வந்து, ரப்பர் பந்து ஆரன்மேல் முழங்காலை ஊன்றினமாதிரி சாய்ந்துகிடந்தது. இதுதான். பிரேக்கைத் தொடும்போதெல்லாம் இதுதான் பேசிக்கொண்டு வந்தது. நான் இருக்கிறேன், நீ போ என்று இதுதான் சொன்னது. அப்படியானால் அவர்? எத்தனை வளைவாக அவர் இல்லை? ஏற்றத்தில் இருந்தாரா? யாருக்காக அப்படி இழுத்தோம்? நவமணி டிரெய்லர்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள், சேறு பட்டது, இப்போது முழங்காலில் சேறு.

என்ஜின் சத்தமே இல்லாமல், சக்கரம் ஈர ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. மேகத்துக்குள்ளிருந்து பைக்கின் முன்சக்கரம், அப்புறம் நனைந்த லுங்கி, அப்புறம் அவர்.

"பத்தாம் வளைவுல செயின் கழண்டு போச்சு அம்மிணி. நாலு தடவ ஆரன் அடிச்சேன், நீ நிக்கவே இல்ல. அப்பறம் நீ அடிக்கறது கேட்டுது, என்னமோ ஏதோன்னு அப்படியே உருட்டிட்டு வந்தேன். எதுக்கு இங்க உக்காந்திருக்கற?"

அவள் கடையாணியைக் கையால் காட்டினாள். மோகனசுந்தரம் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் தடிமன் கடையாணி, அதன் அடியில் எறும்புக்கால்போல் ஒரு தாலி ஊக்கு.

"ஊக்கு மாட்டியாச்சான்னு கேட்டனே?"

"மாட்டியாச்சுங்க. உங்க புள்ள ஸ்வெட்டர்ல."

அவர் நிமிர்ந்து கார் ஜன்னல் வழியே அந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். "அப்ப இரும்பு ஊக்கு எங்க?"

"நாந்தான் சொன்னேனே!" என்று காருக்குள்ளிருந்து கத்தினாள் மிதுனா. "குதிரைக்குத் தோடு! அம்மா என்கிட்டப் புடிச்சுக்கோன்னு குடுத்துது. அப்பா என்னையத் தூக்குனப்ப நான் போட்டுவிட்டேன்."

காணாமல் போன வரி அப்போது திரும்பி வந்தது: சாரல் வலுத்தபோது, இந்தா கண்ணு புடிச்சுக்கோ. குதிரையின் காதில் பூ கட்டுவதற்கென்று விட்ட ஓட்டையில், வளைந்த கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு தூரமும் அவள் கண்ணெதிரே, மினுங்கி மினுங்கி. அவர் ஏறி அதைக் கழற்றினார். மோட்டார்ப் பெட்டியை இருவரும் முன்பாதிக்குத் தள்ளி, கயிற்றை இறுக்கினார்கள். பிறகு இரும்பு ஊக்கை அவர் குத்த, அவள் இழுத்துப் பார்க்க, அவள் குத்த, அவர் இழுத்துப் பார்த்தார். மேகம் குதிரையின் முகத்தில் திரண்டு அந்தப் பெரிய கண்ணிலிருந்து ஒரு கோடாக வழிந்தது.

"தோட்டைப் புடுங்கிட்டீங்க, அது அழுவுது" என்றாள் மிதுனா.

நவமணி சக்கரத்தின்மேல் ஏறி நின்றாள். தாலி ஊக்கை அந்தக் காதில் மாட்டினாள், கழன்றுவிடாமல் இருமுறை அமுக்கிப் பார்த்தாள். பைபர் காது சில்லென்று, உயிருள்ளதுபோல் ஈரமாக இருந்தது. அவர் பைக்கைச் சரிசெய்து உதைத்து, வழக்கம்போல் டிரெய்லருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் கீழே இறங்கி, கார்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஏனுங்க, பின்னால வேண்டாம். முன்னால போங்க. என்ற கண்ணுல படறமாதிரி, பையப் போங்க."